8 நகரம், 12 இரவு: ஐரோப்பாவுக்கு ரயில் பாஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் 14, 9 வயதுள்ள எங்கள் இரண்டு பிள்ளைகளும் வரும் மே மாதம் 12 இரவுகள் ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். எங்கள் பயண முகவர் பாரிஸில் 3 இரவு, பிரஸ்ஸல்ஸில் 1, ஆம்ஸ்டர்டாமில் 2, கொலோனில் 1, லூசெர்னில் 2, வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம் ஆகியவற்றில் ஒவ்வோர் இரவு என்று திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் பொதுவான சீட்டான யூரெயில் பாஸை இப்போதே வாங்காவிட்டால் தீர்ந்துபோய்விடும் என்றும், அது கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். பாஸ் வாங்குவது லாபமா? இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா?
ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாஸ் தீர்ந்துபோகும் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். யூரெயில் பாஸுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆண்டு முழுவதும் விற்கிறார்கள், அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம், இடையிடையே தள்ளுபடியும் அறிவிப்பார்கள். உண்மையில் தீர்ந்துபோவது வேறொன்று. பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று சில ரயில்களில் ஒதுக்கப்படும் இருக்கைகள்தாம் அவை. இதைப் பற்றி உங்கள் முகவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பாஸ் என்பது பயணச்சீட்டின் விலையை மட்டும் ஈடுகட்டும். இருக்கையை உறுதி செய்யாது. பிரான்சின் அதிவேக ரயில்கள், இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஆம்ஸ்டர்டாம் செல்லும் யூரோஸ்டார் (2023 வரை தாலிஸ் என்ற பெயரில் ஓடியது இதுதான்) ஆகியவற்றில் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. இத்தாலியில் ஓடும் இன்னொரு அதிவேக நிறுவனமான இத்தாலோ, யூரெயில் பாஸை ஏற்பதே இல்லை. 12 வயதுக்குட்பட்ட உங்கள் இளைய பிள்ளைக்குப் பாஸ் இலவசம் என்பது உண்மைதான், ஆனால் முன்பதிவு கட்டாயமான ரயிலில் அந்தப் பிள்ளைக்கும் இருக்கைக் கட்டணம் கட்ட வேண்டும். 14 வயதுப் பிள்ளைக்கு இளையோர் பாஸை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பாஸை இன்று விற்றுவிட்டு, முன்பதிவுக் கட்டணத்தையும் அதற்கான சேவைக் கட்டணத்தையும் இரண்டு மாதம் கழித்துத் தனியாகக் கேட்பது இந்தத் தொழிலில் வெகுநாளாக நடக்கிறது. அதற்குள் ஒதுக்கீடு முடிந்திருந்தால், பாஸைக் கையில் வைத்துக்கொண்டே முழு விலை கொடுத்து இன்னொரு சீட்டு வாங்க நேரும்.

இனி திட்டத்துக்கு வருகிறேன். 8 நகரங்கள் என்றால் 7 முறை இடம் மாற வேண்டும். விடுதியைக் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்துவிட்டு, அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்ற நிலையில், 2 மணி நேர ரயில் பயணம்கூட அரை நாளை விழுங்கிவிடும். கொலோனிலிருந்து லூசெர்னுக்கும் லூசெர்னிலிருந்து வெனிஸுக்கும் செல்லும் நாட்கள் முழுவதுமாகவே பயணத்தில் போய்விடும். மாலையில் வெனிஸில் இறங்கி மறுநாள் காலையில் கிளம்புகிறவர், படிகள் நிறைந்த பாலங்களின் மேல் நான்கு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததைத்தான் ஊருக்கு வந்து சொல்ல முடியும். ஐரோப்பிய நிலையங்களில் சுமைதூக்கும் ஆள் கிடைப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். இந்தத் திட்டத்தை வரைந்தவர் வரைபடத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர, கால அட்டவணையைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் சொல்வது இது: பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் மூன்றையும் இந்த முறை விட்டுவிடுங்கள், ஃபுளோரன்ஸையும் மனமில்லாமல்தான் எடுத்துவிடச் சொல்கிறேன். பாரிஸில் 4 இரவு, லூசெர்னில் 3, வெனிஸில் 2, ரோமில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானச்சீட்டை வாங்கும்போது பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும்படி ஒரே சீட்டாக வாங்குங்கள். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் சீட்டு சில ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும், திரும்பி வருவதற்கான ரயில் கட்டணமும் வீணாகும் ஒரு நாளும் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

இந்த வழியில் நீண்ட ரயில் பயணம் மூன்று நாட்களில்தான் வருகிறது. பாரிஸில் கார் தெ லியோன் என்னும் நிலையத்தில் ஏறினால் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள பாசெல்; அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் லூசெர்ன். பாரிஸில் பெரிய ரயில் நிலையங்கள் ஆறேழு இருக்கின்றன. சீட்டில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். லூசெர்னிலிருந்து மிலானுக்கு 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மிலானில் மாறி வெனிஸுக்குச் செல்ல ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வெனிஸிலிருந்து ரோம் 4 மணி நேரம். வெனிஸில் மேஸ்த்ரே என்பது நிலப்பகுதியிலுள்ள நிலையம்; சாந்தா லூச்சியா என்பதே தீவில் இருப்பது. மலிவு என்று சொல்லி முகவர்கள் மேஸ்த்ரேயில் அறை போட்டுக் கொடுப்பது வழக்கம் என்பதால், விடுதியின் முகவரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம் ஊரில் தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் விதிப்பதால், அதே வகுப்பில் சீட்டை இன்று வாங்கினாலும் அடுத்த வாரம் வாங்கினாலும் பெரும்பாலும் அதே விலைதான். பிரான்சிலும் இத்தாலியிலும் நெடுந்தூர ரயில்களின் விலை விமானச்சீட்டைப் போல ஏறிக்கொண்டே போகும். மூன்று நான்கு மாதங்களுக்கு முன் வாங்கினால் மேலே சொன்ன பயணங்கள் அனைத்தையும் கூட்டினாலும் பெரியவர் ஒருவருக்கு 200 யூரோவை ஒட்டித்தான் வரும். பல நாடுகளுக்குச் செல்லும் யூரெயில் பாஸோ மிகக் குறைந்த பயண நாட்களுக்கே 250 யூரோவுக்கு மேல், முன்பதிவுக் கட்டணம் தனி. எனவே உங்களுக்குப் பாஸ் வேண்டாம். இந்தச் சீட்டுகளை அந்தந்த ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை 2020 முதல் இயல்பாகவே முடக்கி வைக்கப்படுவதால், வங்கிச் செயலியில் அதை முதலில் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் சில தளங்கள் நம் அட்டையை ஏற்க மறுக்கும். பல நாடுகளுக்கும் ஒரே நாணயத்தைக் கொண்டுவர முடிந்தவர்களுக்கு, ஒரே இடத்தில் ரயில் சீட்டு வாங்கும் வசதியைக் கொண்டுவர இன்னும் மனம் வரவில்லை. வேறு வழியில்லாதபோது இடைநிலை விற்பனைத் தளங்களைப் பயன்படுத்தலாம். கட்டணம் எவ்வளவு கூடுகிறது என்பதைப் பணம் கட்டும் முன் பாருங்கள்.

இதில் சுவிட்சர்லாந்து மட்டும் தனி விதி. நீங்கள் ஏமாறக்கூடிய இடமும் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உள்நாட்டு ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை, வழக்கமான சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறுவதுமில்லை, ஆனால் அந்த விலை மிக அதிகம். அதனால் அந்த நாட்டுக்குள் மட்டும் சலுகை அட்டை வாங்குவது பொருத்தமானது. முக்கியமான அட்டைகள் இரண்டு. ஸ்விஸ் டிராவல் பாஸ் என்பது ரயில், பேருந்து, ஏரிப் படகு, நகர டிராம் அனைத்திலும் குறிப்பிட்ட நாட்களுக்குத் தனிச் சீட்டில்லாமல் செல்ல வழி செய்வது. பாதிக் கட்டண அட்டை என்பது ஒரு மாதத்துக்கு எல்லாச் சீட்டுகளையும் ஏறக்குறைய பாதி விலையில் தருவது. எதை வாங்குவது என்பது எந்த மலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லூசெர்னிலிருந்து படகில் விட்ஸ்னாவ் சென்று, அங்கிருந்து 1871 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் ரிகி மலைக்கு ஏறுவதென்றால் டிராவல் பாஸிலேயே முழுவதும் அடங்கிவிடும். 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராயோக் நிலையத்துக்குப் போவதென்றால், டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் மலைப்பகுதிக் கட்டணத்தில் 25 விழுக்காடுதான் குறையும்; பாதிக் கட்டண அட்டைக்கோ பாதியாகக் குறையும். யுங்ஃபிராயோக்கின் கட்டணம் மிகப் பெரிது என்பதால் இந்த வேறுபாடு பணப்பையில் நன்றாகவே தெரியும். இரண்டில் எதை நீங்கள் இருவரும் வாங்கினாலும், 16 வயதுக்குட்பட்ட உங்கள் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டையை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். உங்களுடன் வரும்வரை அவர்களுக்குக் கட்டணமில்லை. கேட்காதவருக்கு அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டு, பிள்ளைகளுக்கும் பாஸ் விற்றுவிடும் முகவர்கள் இருக்கிறார்கள். லூசெர்னிலிருந்து யுங்ஃபிராயோக் போய்வர ஒரு முழு நாள் தேவை. 9 வயதுப் பிள்ளையோடு செல்கிறவர்களுக்கு ரிகியே போதும் என்பது என் கருத்து.

இன்னொன்று. லூசெர்னிலிருந்து மிலான் செல்லும் ரயிலில் ஆல்ப்ஸ் மலைக்காட்சி முழுவதும் கிடைக்கும் என்று சொல்லியிருப்பார்கள். 2016-இல் திறக்கப்பட்ட கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளமுள்ளது; மலையின் பெரும்பகுதியை நீங்கள் இருட்டில்தான் கடப்பீர்கள். பழைய மலைவழிப் பாதையில் மெதுவான ரயில்கள் இன்னும் ஓடுகின்றன, ஆனால் பெட்டிகளோடு அன்று மாலைக்குள் வெனிஸ் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு அது சரிவராது. மிலானில் ரயில் மாற ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மிலான்வரை ஒரு சீட்டும் அங்கிருந்து ஒரு சீட்டுமாகத் தனித்தனியே வாங்கும்போது, முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த நட்டம் உங்களுடையது. தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம்: 60 நிமிடத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடு, 120 நிமிடத்துக்கு 50. தவறவிட்ட அடுத்த சீட்டின் விலையை அது ஈடுகட்டாது.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ரயில் சீட்டை எப்போது வாங்குவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் சொன்ன திட்டத்தில் இத்தாலியில் 5 இரவு, பிரான்சில் 4, சுவிட்சர்லாந்தில் 3. ஆகவே விண்ணப்பம் இத்தாலிக்கு. “எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க நேரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிடலாம், விடுதிச் சீட்டை மட்டும் மாற்றிக் காட்டுவோம்” என்று முகவர் சொன்னால் அவரிடமிருந்து உங்கள் கடவுச்சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். போலி முன்பதிவு பிடிபட்டால் மறுப்பு உங்கள் பெயரில் பதிவாகி எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் தெரியும். முகவரின் பெயர் அதில் எங்கும் இருக்காது. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. உங்கள் குடும்பத்துக்கு மொத்தம் 315 யூரோவும் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் ஆகும். இதற்கு மேல் “நேரம் பிடித்துக் கொடுக்க” என்று ஒரு தொகை கேட்டால் அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

பயணத் திட்டத்தைக் காட்டினால்தான் விசா என்கிறார்கள் தூதரகத்தினர். விசா வரும்வரை பணம் கட்டிச் சீட்டு வாங்காதீர்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள். குறைந்த விலை ரயில் சீட்டுகளுக்கோ பணம் திரும்பாது. இந்த முரண்பாட்டைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நீங்கள் செய்யக்கூடியது, முன்னதாகவே தொடங்குவதுதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மே மாதப் பயணத்துக்கு டிசம்பரிலேயே, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விடுதி முன்பதிவுகளோடும் நாள்வாரியாக எழுதிய பயணத் திட்டத்தோடும் விண்ணப்பியுங்கள். முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும், சில வேளை 45 நாட்கள்வரை இழுக்கும். விசா ஒட்டப்பட்ட கடவுச்சீட்டு ஜனவரி கடைசியில் கைக்கு வந்தால், குறைந்த விலைச் சீட்டுகள் பெரும்பாலும் இன்னும் இருக்கும், அன்றே வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அரிதானதன்று. தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள் என்பதால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை பாருங்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. நெடுந்தூர ரயில்களில் ஓட உறுதியளிக்கப்பட்டவற்றின் பட்டியலைத் தனியே வெளியிடுவார்கள். வெனிஸிலிருந்து ரோம் செல்லும் நாள் அப்படி மாட்டிக்கொண்டாலும், விமானத்துக்கு முன் உங்களுக்கு ரோமில் 3 இரவுகள் இருப்பதால், ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள்.