எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒவ்வொரு வட்டாரத்திலும் காசநோயில் ஆயிரத்துக்கு இத்தனை பேர், புற்றுநோயில் இத்தனை பேர் என்று இறப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கணினி இல்லாத காலத்தில் இது எப்படி முடிந்தது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: 1900-இல் லண்டன், நடுவிலுள்ள பழைய சிட்டி நீங்கலாக, 28 பரோக்களாக, அதாவது உள்ளாட்சி வட்டாரங்களாக, பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுகாதார அதிகாரி. 1874-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சை பார்த்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். பதிவாளர் வாராவாரம் அனுப்பும் பட்டியலை வைத்து, வயது, பால், தெரு, தொழில், காரணம் என்று அதிகாரியின் அலுவலகம் பிரித்து எழுதிக்கொள்ளும்.

இதுவரை எளிது. சிக்கல் மருத்துவமனையில் தொடங்குகிறது. ஏழைக் காசநோயாளிகள் பலர் கடைசி நாட்களில் ஏழையர் விடுதி மருத்துவமனைக்குப் போனார்கள். அது பெரும்பாலும் வேறு வட்டாரத்தில் இருக்கும். இறந்த இடத்தை மட்டும் பார்த்தால் மருத்துவமனை உள்ள வட்டாரம் நோய்க்காடாகவும், நோயாளி வாழ்ந்த நெரிசலான தெரு சுத்தமாகவும் தெரியும். ஆகவே கூட்டிக் கழித்தார்கள். ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். மக்கள் தொகை 80,000. எல்லைக்குள் நடந்த காசநோய் இறப்பு 150. அதில் வெளியூர்க்காரர் 40 பேர், கழிக்க வேண்டும். வெளியே போய் இறந்த உள்ளூர்க்காரர் 22 பேர், சேர்க்க வேண்டும். கிடைப்பது 132; ஆயிரத்துக்கு 1.65. திருத்தாமல் விட்டிருந்தால் 1.88 என்று வந்திருக்கும். 1911 முதல் இந்த மாற்றத்தைத் தலைமைப் பதிவாளர் அலுவலகமே நாடு முழுவதற்கும் செய்யத் தொடங்கியது.

வகுக்கும் எண்ணிலும் கண் வேண்டும். 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு நடுவே உள்ள ஆண்டுகளுக்கு மக்கள் தொகை மதிப்பீடுதான். இடையில் ஒரு குடிசைப் பகுதியை இடித்து மக்களை வெளியேற்றியிருந்தால், மதிப்பீடு பழையபடி பெரிதாகவே நிற்கும். நோய் குறையாமலே விகிதம் குறைந்ததாகக் காட்டும். ஒரு வார்டில் 4,000 பேர்தான் என்றால் ஓர் ஆண்டு 4 புற்றுநோய் இறப்பு, அடுத்த ஆண்டு 7 என்பதற்குப் பொருளே இல்லை. ஐந்தாண்டுச் சராசரி எடுத்த பிறகே பேச வேண்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் காசநோய் இறப்பு குறைந்தது, புற்றுநோய் இறப்பு ஏறியது என்கிறார்கள். இரண்டும் உண்மையா?
– வாசகர், புத்தூர், திருப்பதி மாவட்டம்

பதில்: முதலாவது உண்மை. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கிலாந்தில் காசநோய் இறப்பு இறங்கத் தொடங்கிவிட்டது. 1912-இல் நுரையீரல் காசநோயையும், 1913-இல் எல்லா வகைக் காசநோயையும் மருத்துவர்கள் அறிவிப்பது கட்டாயமானது. அதன் பிறகு சாவுக்குக் காத்திராமல், உயிரோடு இருக்கும்போதே நோயாளியின் வீட்டுக்குப் போக முடிந்தது. அறிவிப்பே வராமல் நேராக இறப்புப் பட்டியலில் வந்த பெயர்களையும் நல்ல அதிகாரிகள் தனியாக எண்ணினார்கள். அந்த எண் பெரிதானால் நோய் கண்டுபிடிக்கும் வேலை சரியில்லை என்று பொருள். என் பார்வையில், ஓர் அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண் அதுதான்.

இரண்டாவதை அப்படியே ஏற்க முடியாது. இளம் வயதில் சாவு குறைந்தால் முதியவர்கள் கூடுவார்கள். முதியவர்கள் கூடினால் புற்றுநோயும் கூடும். எனவே மொத்த விகிதத்தை விட்டுவிட்டு, 45–54, 55–64 என்று ஒரே வயதுப் பிரிவுகளை ஒப்பிட வேண்டும். அதிலும் ஏற்றம் தெரிந்தால் உறுப்பு வாரியாகப் பிரிக்க வேண்டும். காப்பீட்டுக் கணக்கியலாளர் ஜார்ஜ் கிங்கும் சுகாதார அதிகாரி ஆர்தர் நியூஷோமும் 1893-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரப் பதிவுகளை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். மார்பகம், நாக்கு போல எளிதில் கண்டறியக்கூடிய இடங்களில் புற்றுநோய் ஏறவில்லை. வயிறு, கல்லீரல் போல உள்ளே மறைந்த இடங்களில்தான் ஏற்றம். ஆக, ஏற்றத்தில் பெரும்பகுதி நோய் கண்டறிதல் மேம்பட்டதால் வந்தது என்று முடிவு செய்தார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பழைய பதிவேடுகளில் இதே கணக்கைப் போட முடியுமா?
– வாசகர், வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்

பதில்: லண்டன் அளவுக்கு முடியாது. முதலில் எந்த அரசு என்று பாருங்கள். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். அதை அடுத்த சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானம். ஆந்திர எல்லையில், அதே பெயருள்ள சித்தூர் மாவட்டமே 1911-இல்தான் உருவானது. சென்னை மாகாணத்தின் கிராமங்களில் இறப்பை எழுதியவர் மருத்துவர் அல்ல, கிராம அதிகாரி. காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், பேதி, மூச்சு நோய், காயம், மற்றவை என்று சில கட்டங்கள்தான். காசநோய் காய்ச்சலிலும் மூச்சு நோயிலும் கலந்து கிடக்கும். புற்றுநோய் 'மற்றவை'யில் போய்விடும். அவற்றிலிருந்து விகிதம் கணக்கிட்டு வெளியிடுவது தவறு. நகராட்சிப் பதிவேடும் மருத்துவமனைப் பதிவேடும் கிடைத்தால் அவற்றை மட்டும் நம்பலாம், அதுவும் வசிப்பிடம் எழுதியிருந்தால். மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரத்தில் 1915-இல் காசநோய் சானடோரியம் திறந்தது. பல ஊர்க்காரர்கள் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். வசிப்பிடம் பார்க்காமல் எண்ணினால் அந்த வட்டாரத்தின் கணக்கு ஊதிவிடும்.

கேள்வி: இன்று எங்கள் ஊர் நோயாளிகள் கோயம்புத்தூரில் இறக்கிறார்கள். அது எந்தக் கணக்கில் போகும்?
– வாசகி, கோவிந்தாபுரம், பாலக்காடு மாவட்டம்

பதில்: 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு; 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் மருத்துவமனையே தெரிவிக்கும். ஆனால் படிவத்தில் வழக்கமான வசிப்பிடம் என்ற இடத்தில் கேரள முகவரி போகிறதா என்று குடும்பத்தார் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காக எடுத்த வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்தால் அந்த இறப்பு கோவைக் கணக்கில் சேரும். காரணச் சான்றில் 'இதயம் நின்றது' என்று மட்டும் இருந்தால் அது காரணமே ஆகாது; எல்லாச் சாவிலும் இதயம் நிற்கும். அதற்குக் கீழ்வரியில் அடிப்படை நோய் வர வேண்டும். புற்றுநோயானால் முதலில் தோன்றிய உறுப்பை எழுத வேண்டும். வயிற்றில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியதைக் கல்லீரல் புற்றுநோய் என்று எழுதினால் இரண்டு உறுப்புகளின் கணக்கும் தவறும். எழுதும் மருத்துவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.