அடிபட்ட குருவிக்குச் சீனித்தண்ணி கொடுத்தால் தெம்பு வந்து பறக்குமா?

கையில் கிடைத்தது மைனாவோ அதன் சொந்தமோ என்றுதான் எடுத்துக்கொள்கிறேன், நம்ம பக்கம் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். கொடுக்காதீர்கள். நான் கொடுத்து ஒரு உயிர் போகப் பார்த்தது.

மூன்று வருடம் முன்னால், தை மாசம், மானூர் பக்கம் எங்கள் வீட்டு மாடி ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு சூறைக்குருவி விழுந்தது. கருந்தலை, ரோஸ் உடம்பு, மத்திய ஆசியாவிலிருந்து கூட்டங்கூட்டமாக வருமே, அது. மைனாவுக்குச் சொந்தம்தான். எங்கள் ஆச்சி சோளக்குருவி என்று சொல்லும். (காட்டுப் பறவையை வீட்டில் வைக்கலாமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எனக்கும் தெரியும். கால்நடை மருத்துவமனைக்குத்தான் முதலில் கொண்டுபோனேன், ஆடு மாடு மட்டும்தான் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.)

தெம்பு வரட்டும் என்று இங்க் ஃபில்லரில் மூன்று நாள் சீனித்தண்ணி விட்டேன். எச்சம் வெறும் தண்ணியாகப் போனது. நெஞ்சைத் தடவினால் எலும்பு கத்தி முதுகு மாதிரி துருத்தியது. கருப்பட்டி நல்லது என்று ஒருவர் சொல்ல, அதையும் கரைத்துக் கொடுத்தேன், இன்னும் மோசம்.

காரணம் பிறகு படித்துத்தான் தெரிந்தது. சீனி என்பது சுக்ரோஸ். அதை உடைக்கிற சுக்ரேஸ் நொதி மைனா குடும்பத்துக் குடலில் கிடையாது, உடையாத சர்க்கரை தண்ணீரை இழுத்துப் பேதியாக்கிவிடும். கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். திராட்சையில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், அது நேரே உடம்பில் ஏறும்.

ஆச்சி அன்றைக்கே சொன்னது, "ஏல, அது காட்டுல தத்துக்கிளி பொறக்கித் திங்கிற சாதி, அதுக்கு என்னத்துக்குச் சீனி?" சரி என்று தத்துக்கிளி பிடிக்கப் போனால், சின்ன வயசில் காலை வைத்தாலே பத்து தெறிக்கும் தரிசு முழுக்கக் கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் மிஞ்சின புல்லில்தான் தினம் முப்பது நாற்பது பிடித்தேன். காலைக் கிள்ளி நீட்டினால் கையிலிருந்து பிடுங்கித் தரையில் இரண்டு அடி அடித்து விழுங்கும். கூடவே கருப்பு திராட்சை.

சிறகை அடிக்கிறது நெஞ்சுத் தசைதானே, அது தேறப் புரதம் வேண்டும், பூச்சியில் அது இருக்கிறது. தூரப் பயணத்துக்கு எரிவது கொழுப்பு, கிராமுக்குச் சுமார் 9 கிலோ கலோரி, மாவுச்சத்தில் 4தான். மாவுச்சத்தைக் கிளைகோஜனாக, அதாவது உடம்பு சேமித்து வைக்கிற சர்க்கரையாகச் சேர்த்தால் கூடவே தண்ணீர்ப் பாரம் வேறு. பழத்துச் சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்ளும். அப்புறம் எதற்கு நாம் சோறும் மிக்சரும் திணிக்க வேண்டும்?

பதினாலாம் நாள் சாயங்காலம் மாடியில் விட்டேன். வேப்பமரம் வரைக்கும்தான் போனது, அங்கேயே வெகுநேரம் இருந்தது. குளத்துப் பக்கம் அடையப் போகிற கூட்டம் தலைக்கு மேலே வந்ததும் எழும்பிச் சேர்ந்துகொண்டது.

உங்களுடையது விதை கொத்துகிற தினைக்குருவி என்றால் கதை வேறு. அலகு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.