“அந்தப் பையனை விட்டுவிடச் சொல்” என்கிறார் அம்மா: வழக்கை நாங்கள் வாபஸ் வாங்க முடியுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து என் அம்மா (67) விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். போன மாதம் மாலை நடைக்குப் போனபோது ஒருவன் தாலிக்கொடியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். அம்மா கீழே விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போலீஸ் ஒருவனைக் கைது செய்திருக்கிறது. இப்போது கவுன்ட்டி பிராசிக்யூட்டர் (மாவட்ட அளவிலான அரசு வழக்கறிஞர்) அலுவலகத்திலிருந்து அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் வக்கீல் வைக்க வேண்டுமா? விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று என் கணவர் பயப்படுகிறார். “சின்னப் பையன், ஜெயிலுக்குப் போய்விடுவான், விட்டுவிடச் சொல்” என்கிறார் அம்மா. அடுத்த மாதம் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் கடிதத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். அது அநேகமாக அந்த அலுவலகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவ இருக்கும் பிரிவிலிருந்து வந்திருக்கும். வழக்கின் எண், பொறுப்பாளரின் பெயர், தொலைபேசி எண், அம்மாவின் உரிமைகள் ஆகியவை அதில் இருக்கும். அம்மா மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், இந்த வாரமே அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

வழக்கு யாருடையது என்பது அடுத்த விஷயம். நீதிமன்றத் தாள்களில் ஒரு பக்கம் ‘நியூ ஜெர்சி மாநிலம்’ என்றும் எதிர்ப்பக்கம் கைதானவர் பெயரும் இருக்கும். அம்மாவின் பெயர் தலைப்பில் எங்கும் வராது. குற்றம் மாநிலத்துக்கு எதிரானது, அம்மா அதற்குச் சாட்சி. அதனால் வாபஸ் வாங்குவது அவர் கையில் இல்லை. ஊரில் ஸ்டேஷனிலேயே பேசி ராஜியாகப் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். உண்மையில் நம் ஊர்ச் சட்டத்திலும் வழிப்பறியை ராஜி செய்ய இடமில்லை. பிறழ் சாட்சிகளால் அப்படி முடிந்துபோகிறது, அவ்வளவுதான்.

வழக்கை நடத்துபவர் கவுன்ட்டி பிராசிக்யூட்டர். நியூ ஜெர்சியின் 21 கவுன்ட்டிகளுக்கும் ஒவ்வொருவர் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பதவிக்குத் தேர்தல் நடக்கும். நியூயார்க்கிலும் டெக்சாஸிலும் ‘டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி’ ஓட்டுக் கேட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். நியூ ஜெர்சியில் ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவிக்காலம் 5 ஆண்டுகள். மாநில அட்டர்னி ஜெனரலின் மேற்பார்வை உண்டு. நம் ஊரில் போலீஸ் புலனாய்வு செய்து குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும், அரசு வழக்கறிஞர் கோர்ட்டில் நடத்துவார். இங்கே பிராசிக்யூட்டரிடமே துப்பறிவாளர்கள் இருக்கிறார்கள். எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது, எதைக் குறைப்பது என்பதும் அவர் முடிவு. சம்பவம் நடந்த இடம்தான் கணக்கு. எடிசனில் நடந்ததால் மிடில்செக்ஸ் கவுன்ட்டி, அலுவலகம் நியூ பிரன்ஸ்விக்கில். இதுவே பிரிட்ஜ்வாட்டர் பக்கம் நடந்திருந்தால் சாமர்செட் கவுன்ட்டிக்குப் போயிருக்கும்.

வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: பிராசிக்யூட்டர் அம்மாவின் வக்கீல் அல்ல. நம் வக்கீலிடம் சொல்வது நமக்குள் ரகசியமாக இருக்கும், இவரிடம் சொல்வது அப்படி இருக்காது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான தகவல் கையில் இருந்தால் அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1963-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “முகம் சரியாகத் தெரியவில்லை” என்று அம்மா சொன்னால் அது மறுதரப்புக்குப் போகும், போகத்தான் வேண்டும். அதற்காக அம்மா எதையும் மறைக்கக் கூடாது, மிகைப்படுத்தவும் கூடாது. புகைப்படங்களைக் காட்டி அடையாளம் கேட்டால், நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்றே சொல்லட்டும். வழக்கைப் புலனாய்வு செய்யாத வேறோர் அதிகாரி, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் முறையை நியூ ஜெர்சி 2001-லேயே வழிகாட்டுதலாகக் கொண்டுவந்தது, தவறான ஆளை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம்: அம்மா சொல்லும் தமிழ் வினைச்சொல்.

நியூ ஜெர்சி சட்டத்தில் ஒருவர் உடம்பிலிருந்து பொருளைப் பறிப்பது ஒரு குற்றம், பலத்தைப் பிரயோகித்தோ காயப்படுத்தியோ பறிப்பது வேறு குற்றம். முதலாவது திருட்டு, மூன்றாம் நிலை. தண்டனை 3 முதல் 5 ஆண்டுகள் என்றாலும், முதல் தடவை மாட்டியவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது வழிப்பறி. சாதாரணமாக அது இரண்டாம் நிலை, 5 முதல் 10 ஆண்டுகள். அதில் 85 சதவீதத்தைச் சிறையில் கழித்த பிறகே பரோல் பேச்சு. பொருளை எடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஆள்மீது பலம் பிரயோகிக்காமல் வெடுக்கென்று பறிப்பது மட்டும் வழிப்பறி ஆகாது என்று 1991-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இப்போது அம்மா சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். “அத்துக்கிட்டு ஓடிட்டான்” என்கிறாரா? “கழுத்தைப் பிடிச்சு இழுத்தான்” என்கிறாரா? “தள்ளிவிட்டுட்டுப் பிடுங்கினான்” என்கிறாரா? அவன் இழுத்ததில் விழுந்தாரா, அவன் ஓடிய பிறகு துரத்தப்போய்த் தடுக்கி விழுந்தாரா? நீங்கள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் மொழிபெயர்த்தால், ஓர் இளைஞனின் பல ஆண்டுகள் அந்தச் சொல்லில் தொங்கும். போலீஸிடம் அன்று யார் மொழிபெயர்த்தார்கள்? நீங்களோ உங்கள் கணவரோ என்றால், அதை உதவிப் பிரிவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை பேசும்போது தொழில்முறைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். நீதிமன்றத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. மகள் மொழிபெயர்க்கும்போது பாசமும் கோபமும் சேர்ந்தே வெளிவரும். அது உங்கள் குற்றமல்ல, ஆனால் சாட்சியத்துக்கு ஆகாது.

அம்மாவின் இரக்கத்துக்கு இந்த இடத்தில்தான் மதிப்பு இருக்கிறது. வழக்கை அவர் நிறுத்த முடியாது, ஆனால் அவர் குரலுக்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளை 1985-ல் நியூ ஜெர்சி சட்டமாக்கியது, 1991-ல் மாநில அரசியல் சாசனத்திலேயே சேர்த்தது. பெரும்பாலான வழக்குகள் நீதிமன்ற விசாரணை வரை போவதில்லை. இரு தரப்பும் பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்வதாக முடியும். இங்கே இதை ‘பிளீ’ என்பார்கள். அந்தப் பேச்சு முடிவதற்கு முன் பிராசிக்யூட்டருடன் கலந்து பேசும் உரிமை அம்மாவுக்கு உண்டு. “அவன் சிறையில் அழிய வேண்டாம், ஆனால் செய்தது தப்பு என்று தெரிய வேண்டும்” என்பது அம்மாவின் எண்ணம் என்றால் அதை அப்படியே சொல்லட்டும். தண்டனை விதிக்கும் முன் நீதிபதிக்கு எழுத்தாகவும் கொடுக்கலாம். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது, தனியே நடக்கப் பயமாக இருக்கிறது என்பதையும் அதில் விடக் கூடாது. இரக்கப்படுகிறோம் என்பதற்காகப் பட்ட வலியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிராசிக்யூட்டர் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் இதன்படியே நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பையன்மீது வேறு வழக்குகள் இருக்கலாம், அவர் அதையும் பார்ப்பார்.

பறித்தபோது அவன் ஏதாவது சொன்னானா? பொட்டைப் பற்றி, புடவையைப் பற்றி, நாட்டைப் பற்றி? அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாமல் போயிருந்தாலும் காதில் விழுந்த ஒலியைச் சொல்லட்டும். இதைச் சின்ன விஷயமாக நம்மவர்கள் விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தரும். 1987-ல் ஜெர்சி சிட்டியில் நம் நெற்றிப் பொட்டைக் குறிவைத்து ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட கும்பல் இந்தியர்களைத் தாக்கியது. அதே ஆண்டு ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த நாட்களின் கோபமும் போராட்டமும்தான் 1990-ல் இந்த மாநிலத்தில் வெறுப்புக் குற்றச் சட்டம் கடுமையாவதற்கு ஒரு காரணம். வெறுப்பு நோக்கம் இருந்தால் அது தனிக் குற்றமாகவே வரும். எதுவும் சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை, இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

விசா விஷயத்தில் உங்கள் கணவர் நிம்மதியாக இருக்கலாம். புகார் கொடுத்ததும் சாட்சி சொல்வதும் விசிட்டர் விசாவுக்குக் குறை அல்ல. கவுன்ட்டி அலுவலகம் மாநிலச் சட்டத்தின் கீழ் இயங்குவது, குடியேற்றம் மத்திய அரசின் துறை. அம்மா பார்க்க வேண்டியது ஐ-94-ல், அதாவது எந்த நாள் வரை இங்கே தங்கலாம் என்று காட்டும் வருகைப் பதிவில், உள்ள தேதியை மட்டும்தான். வழக்குக்காகவோ கை குணமாகவோ கூடுதல் நாள் இருக்க வேண்டுமென்றால், அந்தத் தேதிக்கு முன்பே ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். கடிதம் கையில் இருக்கிறது என்று தேதியைத் தாண்டி இருந்துவிடாதீர்கள். அந்த விண்ணப்பத்துக்கு மட்டும் ஒரு குடியேற்ற வக்கீலைக் கேட்பது நல்லது. “சாட்சி சொன்னால் யு விசா வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். சில குற்றங்களால் பாதிக்கப்பட்டு, புலனாய்வுக்கு உதவுபவர்களுக்காக ஆண்டுக்கு 10,000 பேருக்கு மட்டுமே உள்ள விசா அது, வரிசை பல ஆண்டு நீளம். எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தாது.

மருத்துவச் செலவுக்கு மாநிலத்தில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு அலுவலகம் ஒன்று இருக்கிறது, 1971-லிருந்து ஏதோ ஒரு வடிவில் இயங்குகிறது. சம்பவம் நியூ ஜெர்சியில் நடந்ததால், சுற்றுலாவாக வந்தவரும் விண்ணப்பிக்கலாம். முதலில் அம்மாவின் பயணக் காப்பீடு, அது கொடுக்காத மிச்சத்துக்குத்தான் இது. விண்ணப்பத்தை நிரப்ப உதவிப் பிரிவே துணை செய்யும். நகையின் விலையை இதில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வழி, தண்டனையின் பகுதியாக நீதிபதி உத்தரவிடும் ஈட்டுத்தொகை. அவன் கட்டக்கூடிய நிலையில் இருக்கிறானா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும், வந்தாலும் தவணை தவணையாகவே வரும். இருந்தாலும் கேளுங்கள். தாலிக்கொடி எத்தனை பவுன், எந்த ஆண்டு வாங்கியது, ரசீது, அதை அணிந்திருக்கும் கல்யாண வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் திரட்டிக் கொடுங்கள்.

தாலிக்கொடி கிடைத்திருந்தால் உடனே ஒன்று செய்யுங்கள். அது இப்போது சான்றுப்பொருள், வழக்கு முடியும் வரை அலமாரியில் இருக்கலாம். அம்மாவுக்கு அது என்ன என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது, தங்கச் சங்கிலி என்றுதான் பதிவேட்டில் எழுதியிருப்பார். திருமாங்கல்யம் என்றால் என்ன, ஏன் அவசரம் என்று இரண்டு வரி எழுதி, படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். பொருள் தேவைப்படாதபோது தாமதமின்றித் திரும்பப் பெறுவதும் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளில் ஒன்று. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் தாமதமாகலாம். கேட்காவிட்டால் யாரும் தாமாகத் தர மாட்டார்கள்.

அவன் தரப்பிலிருந்து யாராவது வரலாம். அவனுடைய வக்கீலோ வக்கீலின் துப்பறிவாளரோ என்றால், பேசுவதும் பேசாததும் அம்மாவின் விருப்பம், யாரும் தடுக்கவும் கட்டாயப்படுத்தவும் முடியாது. அவனோ குடும்பத்தினரோ வந்து பணம் தருகிறோம், சாட்சி சொல்லாதீர்கள் என்றால் வாங்காதீர்கள், உடனே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா? அநேகமாக வேண்டாம். அடுத்த கட்டம் கிராண்ட் ஜூரி. பொதுமக்களில் 23 பேர் வரை உட்கார்ந்து ரகசியமாகக் கேட்பார்கள், 12 பேராவது ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டு உறுதியாகும். அங்கே துப்பறிவாளர் சொன்னாலே பெரும்பாலும் போதும். ஆனால் வழக்கு விசாரணைக்கு வந்தால் கதை வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் உரிமையை அமெரிக்க அரசியல் சாசனம் தருகிறது. அம்மா போலீஸிடம் சொன்னதை வெறும் தாளில் படித்துக் காட்டி முடித்துவிட முடியாது. ஆகவே பயணத் தேதியை இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் பிராசிக்யூட்டர் அடுத்த அடியைத் திட்டமிட முடியும். போவதற்கு முன் சம்மன் ஏதாவது வந்திருந்தால் அதைப் பற்றி அலுவலகத்தைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நியூ பிரன்ஸ்விக் போய் பொறுப்பாளரை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். கும்பகோணம் முகவரி, வாட்ஸ்அப் எண், உங்கள் மின்னஞ்சல் மூன்றையும் கொடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு அம்மாவிடம் பேச அவர்களுக்கு வசதியான நேரத்தையும் சொல்லிவைக்கலாம். அங்கே காலை 10 மணி என்றால் கோடையில் கும்பகோணத்தில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார்.