வாடகை சர்வரில் பீர்காயின்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் கணினிப் பயிற்சி மையம் நடத்தி வருகிறேன். என்னிடம் பீர்காயின் என்னும் கிரிப்டோ நாணயம் சில நூறு உள்ளன. அவற்றைக் கொண்டு மேலும் நாணயம் ஈட்டும் நிரலை ஓட்ட விரும்புகிறேன். மையத்தில் அடிக்கடி மின்சாரம் தடைப்படுவதால், 1 ஜிபி நினைவகம் கொண்ட உபுண்டு கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மூல நிரலிலிருந்து கிளையன்ட்டை (பீர்காயின் வலையமைப்போடு இணையும் மென்பொருளை) உருவாக்க முயன்றால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தயார் நிலையில் கிடைக்கும் கோப்பை ஏற்றி ஓட்டினாலோ, இரவில் டெர்மினலை மூடிவிட்டுக் காலையில் பார்க்கும்போது அது ஓடிக்கொண்டிருப்பதில்லை. பெரிய சர்வருக்கு மாற வேண்டுமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: மாற வேண்டாம். பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுதியைப் பதிவு செய்து புதிய நாணயம் ஈட்டவே இங்கெல்லாம் போட்டி. பிட்காயினில் வினாடிக்கு எத்தனை முறை கணக்கிட முடிகிறது என்பதே போட்டி. அதனால் அங்கே இயந்திரத்தின் வலுவுக்கு மதிப்பு உண்டு. 2012 ஆகஸ்டில் சன்னி கிங், ஸ்காட் நடால் ஆகியோரின் கட்டுரையுடன் வெளிவந்த பீர்காயினில், வாலட்டில் (நாணயங்களின் விசைகளை வைத்திருக்கும் கோப்பில்) செலவழிக்கப்படாமல் இருக்கும் ஒவ்வொரு தொகைக்கும் வினாடிக்கு ஒரு முயற்சி மட்டுமே உண்டு. அந்த முயற்சி பலிக்கும் வாய்ப்பைத் தொகையின் அளவும், அது அசையாமல் இருந்த நாட்களும் தீர்மானிக்கின்றன. இப்படிக் கையிருப்பை வைத்துப் போட்டியிடுவதே பங்குச் சான்று முறை. 30 நாள் கடந்த பிறகே ஒரு தொகை போட்டிக்குத் தகுதி பெறுகிறது. 90 நாளுக்கு மேல் வாய்ப்பு கூடுவதில்லை. ஆகவே, விலை உயர்ந்த செயலியை வாடகைக்கு எடுப்பதால் ஒரு நாணயம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

நிரல் உருவாக்கம் பாதியில் நிற்பதற்கு நினைவகப் பற்றாக்குறையே காரணமாக இருக்கும். பீர்காயின், பிட்காயினின் நிரலிலிருந்து கிளைத்தது. அந்த நிரலை உருவாக்கக் குறைந்தது 1.5 ஜிபி நினைவகம் வேண்டும் என்று அதன் குறிப்பேடே சொல்கிறது. சர்வரில் 2 ஜிபி அளவுக்கு ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது அதற்கு ஈடாகப் பயன்படும் வட்டு இடம்) ஒன்றை அமைத்து, ஒரே நேரத்தில் ஒரு பணி மட்டும் நடக்குமாறு செய்தால், மெதுவாகவேனும் வேலை முடியும். தயார் கோப்பையே பயன்படுத்துவதானாலும் ஸ்வாப் தேவைதான். அதோடு, அந்தக் கோப்பின் சரிபார்ப்பு எண் (செக்சம்), வெளியீட்டாளர் தந்திருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே அதை இயக்குங்கள்.

இரவில் நின்றுபோவது வேறு சிக்கல். டெர்மினலில் நேரடியாகத் தொடங்கிய நிரல், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) இணைப்பு அறுந்தவுடன் தானும் முடிந்துவிடும். உங்கள் மையத்தில் மின்சாரம் போனாலும் இதேதான் நடக்கும். கிளையன்ட்டுக்கென்று, முழு அதிகாரம் கொண்ட ரூட் அல்லாத தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவர் பெயரில் ஓடும் சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் அமைப்பு) சேவையாக அதைப் பதிவு செய்யுங்கள். தோல்வியில் முடிந்தால் தானே மீண்டும் தொடங்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். அதன் பிறகும் நின்றால் கர்னல் லாகை (இயங்குதள மையத்தின் பதிவேட்டை) பாருங்கள். நினைவகம் தீர்ந்ததால் நிரல் கொல்லப்பட்டது என்ற வரி அங்கே இருந்தால், கிளையன்ட்டின் அமைப்புக் கோப்பில் தற்காலிக நினைவக அளவைக் குறைக்க வேண்டும். சர்வரின் கடிகாரம் இணையத்தோடு ஒத்திசைந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வினாடிக்கு வினாடி நடக்கும் போட்டியில் தவறான நேரம் காட்டும் இயந்திரத்தால் பயனில்லை.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் என்னைக் கவலைப்படுத்தும் ஒன்றுக்கு வருகிறேன். பங்குச் சான்றுப் போட்டியில் கலந்துகொள்ள வாலட் திறந்திருக்க வேண்டும். நாணயம் அனுப்ப இயலாதவாறு, ஈட்டுவதற்கு மட்டுமாகத் திறக்கும் வசதி பீர்காயினில் உண்டு, அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அப்படித் திறந்தாலும் இரகசிய விசையைத் திறக்கும் சாவி சர்வரின் நினைவகத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ரூட் அதிகாரம் பெற்ற எவரும் அதைப் படித்தெடுக்க முடியும், இயந்திரமோ உங்களுடையதன்று. புதிய சர்வரின் நுழைவு லாகை ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள்: ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி, முகம் தெரியாத முகவரிகளிலிருந்து கடவுச்சொல்லை ஊகித்த முயற்சிகள் வரிசையாக நிற்கும். ஆகவே கடவுச்சொல் வழி நுழைவை அடைத்து, விசைக் கோப்பால் மட்டும் நுழையுமாறு செய்யுங்கள். ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சுக்கும், வலையமைப்பின் பிற கணினிகளான கணுக்களோடு பேசும் 9901 போர்ட்டுக்கும் மட்டும் வழி விடுங்கள். கட்டளைகள் வரும் 9902 வெளியுலகுக்குத் தெரியவே கூடாது. சேவை மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வாலட்டின் கடவுச்சொற்றொடரை நீங்களே கையால் தட்டுங்கள். வசதிக்காக அதை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்தால், பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிட்டதாகும். சேவை நிறுவனம் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டிலும் (சர்வரின் முழு நகலிலும்) வாலட் கோப்பு இருக்கும் என்பதால், சொற்றொடர் நீளமாக இருக்கட்டும்.

செலவையும் கணக்கிடுங்கள். வாடகை மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஈட்டம் ஆண்டுக்கு 3 சதவீதம் என்று கொண்டால், வாடகைக்கு மட்டுமே 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் தேவை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்பனை ஆதாயத்துக்கு 30 சதவீத வரி உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது என்பதால் சர்வர் வாடகையும் அதில் சேராது.

உண்மையில் மின்வெட்டுக்காகப் பீர்காயின் யாரையும் தண்டிப்பதில்லை. கணினி அணைந்திருந்தாலும் நாணயத்தின் வயது கூடிக்கொண்டே போகும். மின்சாரம் வந்ததும் போட்டியைத் தொடரலாம். எனவே பெரும்பகுதி நாணயங்களை மையத்திலுள்ள ஒரு பழைய மடிக்கணினியிலேயே வைத்திருங்கள். அதன் பேட்டரியே பெரும்பாலான மின்தடைகளைத் தாங்கும். லினக்ஸ் சர்வரை நிர்வகிக்கக் கற்பதற்கும், உங்கள் மாணவர்களுக்குக் காட்டுவதற்கும் கிளவுட் சர்வர் மிக நல்ல களம். அங்கே, போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய சிறு தொகை மட்டும், வேறொரு வாலட்டில் இருக்கட்டும்.

கேள்வி: இதே முறையில் எத்தீரியத்துக்கும் சர்வர் அமைக்கலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: முறை வேறு. 2022 செப்டம்பர் 15 அன்று பங்குச் சான்றுக்கு மாறிய எத்தீரியத்தில் தனித்துச் சரிபார்ப்பாளராக (தொகுதிகளைச் சரிபார்த்து ஈட்டுபவராக) அதன் நாணயமான ஈத்தர் 32 வேண்டும். பரிவர்த்தனைகளை நிறைவேற்றும் கெத் போன்ற ஒரு செயலாக்க கிளையன்ட்டும், பிற கணுக்களோடு உடன்பாடு காணும் லைட்ஹவுஸ் போன்ற ஒரு ஒருமிப்பு கிளையன்ட்டும், பொதுவான ஓர் இரகசியக் கோப்பின் துணையோடு, சேர்ந்தே ஓட வேண்டும். 2 டிபி வேக வட்டும் தேவைப்படுவதால் வாடகை பல மடங்காகும். அணைந்திருந்தால் சிறு அபராதமும் உண்டு. ஆனால் கையொப்ப விசையும் பணமெடுக்கும் விசையும் இங்கே தனித்தனி. சர்வரில் முன்னது மட்டும் இருந்தால் போதும். ஹூடி என்னும் சோதனை வலையமைப்பில், மதிப்பற்ற சோதனை ஈத்தரைக் கொண்டு முதலில் பழகுங்கள். ஒரே கையொப்ப விசையை இரண்டு சர்வர்களில் ஒருசேர ஓட்டினால் வைப்புத்தொகையில் ஒரு பகுதி பறிக்கப்பட்டு, வெளியேற்றப்படுவீர்கள். சர்வர் மாற்றும்போது பழையதை நிறுத்தி, அதன் கையொப்ப வரலாற்றை ஏற்றுமதி செய்து, விசைகளை அழித்து, 6.4 நிமிடம் கொண்ட சுற்றுகள் இரண்டேனும் கடந்த பிறகே புதியதைத் தொடங்குங்கள்.