செட்டிநாட்டு ரோட்டில் ஓடும் போலோவை எவ்வளவு இறக்கலாம்?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். 2018 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார். காரின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட ஆசை. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டியதில்லை என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம், மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

40 வேண்டாம். நம் பக்கத்து ரோட்டில் தினமும் ஓடுகிற காருக்கு 25 மி.மீ.க்கு மேல் இறக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. அந்த 25-ஐயும் ஏழெட்டு வருஷம் ஓடிய ஷாக் அப்சார்பர் மேல் மாட்டாதீர்கள். நானும் இதே போலோதான் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது வேறு: கார் நிற்கும்போது ஷாக் அப்சார்பரின் தண்டு உள்ளே போக இன்னும் எவ்வளவு இடம் மிச்சம்? உதாரணத்துக்கு, பம்ப் ஸ்டாப்பை, அதாவது தண்டு முழுதாக உள்ளே போய் இடிக்காமல் தடுக்கும் கட்டையைத் தொடும்வரை 70 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 40 இறக்கினால் மிச்சம் 30. நாலு பேர் ஏறினால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். அதன்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் காரைத் தாங்குவது ஸ்பிரிங் இல்லை, பம்ப் ஸ்டாப்தான். வளைவில் போகும்போது அது இடித்தால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று குறையும். ஸ்போர்ட்டியான காரைக் கெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது.

உங்கள் காரில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். ஒரு கேபிள் டை போதும். தண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டை மேலே தள்ளிவிட்டு, தண்டைச் சுற்றி டையைக் கட்டி, ஷாக் உடம்பின் தலையோடு ஒட்டி இறக்கி வையுங்கள். இறுக்கமாக வேண்டாம், தானாக நழுவாத அளவு போதும். பூட்டைப் பழையபடி இறக்கிவிட்டு, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வழக்கமாகப் போகிற வழியில் போய்வாருங்கள். திருமயம் வழியாகத் திருச்சிக்குப் போகிற நல்ல ரோடு மட்டும் போதாது. சூரக்குடி, வேலங்குடி என்று கோயிலுக்குப் போகிற உள்ரோடும் வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் டை மேலே ஏறி நிற்கும். அது நிற்கும் இடத்திலிருந்து பம்ப் ஸ்டாப் வரை என்ன மிச்சமோ, அதுதான் நீங்கள் இறக்கக்கூடிய அளவு. புது ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால் கொஞ்சம் குறைவாகத்தான் அமுங்கும். அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது.

அடுத்து கிரவுண்ட் கிளியரன்ஸ். இந்தப் போலோவுக்குச் சுமார் 165 மி.மீ. வேகத்தடைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிப் போட்டிருந்தால் 40 இறக்கி 125 ஆனாலும் தட்டாமல் போய்விடலாம். ஆனால் ஊருக்குள் இருப்பவை பாதியும் குறுகலாகக் கொத்தி எழுப்பிய மேடுகள். அதைவிடப் பெரிய தொல்லை நம் வீட்டு வாசல்தான். பழைய வீடுகளைத் தெருவுக்கு மேலே நன்றாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பின்தெருப் பக்கம் கார் ஷெட் வைத்திருந்தால், வாய்க்கால் மேல் போட்ட கல் பலகையைத் தாண்டியதுமே சரிவு ஏறும். அங்கே முதலில் உரசுவது அடிவயிறு இல்லை, முன் பம்பரின் கீழ் உதடு. 25 மி.மீ. கனத்துக்கு ஒரு பலகைத் துண்டை அந்த உதடு தாழ்ந்து வரும் இடத்தில் தரையில் வைத்து, மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பலகை நகர்ந்தால், இறக்கிய கார் அங்கே உரசும்.

சரி, எந்த ஸ்பிரிங்? ஐபாக், ஹெச்அண்ட்ஆர் இரண்டும் ஜெர்மன் கம்பெனிகள், இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஐபாக்கின் ப்ரோ-கிட் வகையில் சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாக இருக்கும். சின்ன அதிர்வுக்கு மெத்தென்று அமுங்கும், போகப் போகக் கெட்டிப்படும். நம் ரோட்டுக்கு அதுவே தோது. பெட்டி மேல் இருக்கும் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, முன் ஆக்ஸில் எடை வரம்பு. டீசல் போலோவுக்கும் பெட்ரோல் போலோவுக்கும் எஞ்சின் எடை வேறு, அதனால் ஸ்பிரிங்கும் வேறு. இரண்டாவது, 'இத்தனை மி.மீ. இறங்கும்' என்ற எண். அது ஐரோப்பியக் காரை வைத்து எழுதியது. நம் நாட்டுப் போலோ கம்பெனியிலேயே உயர்த்தி வந்தது, அதனால் அதே ஸ்பிரிங் இங்கே அதைவிட அதிகமாக இறக்கும். ஆகவே 30 என்று எழுதியிருப்பதை 30 என்றே நம்பி வாங்காதீர்கள்.

கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாக உட்காராது, ஜாக்கி போட்டுத் தூக்கினால் சுருள் லூசாகி இடம் மாறும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. போலோவின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. அளவுக்கு மீறி இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை கிடைமட்டத்தைத் தாண்டி, சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது காரின் ரோல் சென்டர் (கார் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, வளைவில் கார் சாய முயலும் விசை கூடுகிறது. தாழ இறக்கினால் சாயாது என்று நம்பிப் போட்டவருக்கு நேர் எதிர்ப் பலன். மிதமாக இறக்கினாலே போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டுச் சுருளை அமுக்காமல் ஸ்ட்ரட்டின் தலை நட்டைக் கழற்றவே கூடாது, உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரட்டின் அடி, நக்கிள் என்கிற வார்ப்பில் இறுக்கிச் செருகியிருக்கும். அந்தப் பிளவை விரிக்க அதற்கென்றே ஒரு கருவி உண்டு. உளியை வைத்துச் சுத்தியலால் அடிக்கிற பட்டறை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்ட்ரட்டின் தலையைக் காரின் உடம்போடு பிணைக்கும் மேல் மவுன்டையும் பேரிங்கையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் வரும், மறுபடி முழு வேலையும் செய்ய வேண்டும். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்பதால் வேலை சுலபம். ஆனால் பின் சக்கரங்களை இணைக்கும் பீமைக் கீழே இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாக்கின் கீழ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஷாக் அப்சார்பர் வாங்கும்போது, தாழ்த்திய காருக்கென்றே நீளம் குறைத்துச் செய்தவையாகப் பாருங்கள். பில்ஸ்டீன் பி8 அந்த ரகம். எல்லாம் முடிந்து கொஞ்சம் ஓட்டி, ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் பாருங்கள். உயரம் மாறினால் டோ, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் கோணம் மாறும், மாறிய டோ டயரின் உள்ஓரத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். அப்புறம் ஹெட்லைட் உயரத்தையும் சரிபாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சி விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கறாராகவே விளக்கியது. ஜெர்மனியின் வாகனச் சோதனை அமைப்பான டியூவியின் சான்று பெட்டியில் இருந்தாலும் இங்கே அது அனுமதி ஆகாது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகு பணத்தை எடுங்கள்.

இப்போதைக்கு ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஸ்பிரிங்கைத் தள்ளிப்போட்டு, கம்பெனி உயரத்துக்கே நல்ல ஷாக் அப்சார்பர், புது மேல் மவுன்ட், நல்ல டயர் போடுங்கள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டித் திருப்பத்தூர் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் இறக்க வேண்டும் என்று தோன்றினால் 25 மி.மீ. ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுங்கள்.