சட்டம் கேளுங்கள்: கூட்டுச் சொத்தை விற்க கோர்ட் நியமிக்கும் ஆள்

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் அப்பா மாநகராட்சியிடம் தவணை கட்டி வாங்கிய வீடு, இப்போது அண்ணன், நான், தம்பி ஆகிய மூவருக்கும் சம பங்காக இருக்கிறது. தம்பி குடும்பத்தோடு அதில் குடியிருக்கிறான். பின்புறத்து அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டு, மாதம் 3,500 ராண்டை அவனே மூன்று வருடமாக வாங்கிக்கொள்கிறான். போன வருடம் கூரை ஒழுகியபோது 90,000 ராண்ட் செலவழித்து மாற்றியது நான். விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றால் "அப்பா விளக்கேற்றிய வீட்டை விற்க மாட்டேன்" என்கிறான். கலிபோர்னியாவில் இருக்கும் அண்ணன், "கோர்ட் ஒரு ரெஃபரியை நியமித்து விற்றுக் கொடுத்துவிடும்" என்கிறார். இங்குள்ள வக்கீலோ "ரிசீவர்" என்கிறார். யார் சொல்வது சரி? தம்பியால் விற்பனையைத் தடுக்க முடியுமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் சொல்வது அவர் ஊருக்குச் சரி, வக்கீல் சொல்வது நம் தென்னாப்பிரிக்காவுக்குச் சரி. கலிபோர்னியாவில் பாகப்பிரிவினை வழக்கில் விற்பனைக்கு உத்தரவானால், நீதிமன்றம் ரெஃபரி ஒருவரை நியமிக்கும். அவர் சொத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து, கிடைத்த விலையை நீதிமன்றத்துக்கு அறிக்கையாகக் கொடுத்து, நீதிமன்றம் உறுதி செய்த பிறகே விற்பனை முடியும். 2023 ஜனவரி முதல் அங்கு நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, முதலில் சொத்தின் சந்தை மதிப்பைக் கணித்து, விற்பனை கேட்டவரின் பங்கை அந்த மதிப்பில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை மற்றப் பங்காளிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் மண் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் அதன் மீது அதிகாரம் என்பதால், சாட்ஸ்வர்த் வீட்டைப் பொறுத்தவரை கலிபோர்னியச் சட்டம் உங்களுக்கு உதவாது. டர்பன் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ரெஃபரி என்ற பெயர் தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் உண்டு. 2013ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றங்கள் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, இரு தரப்பும் சம்மதித்தால், கணக்கு வழக்குகளையோ தொழில்நுட்ப விவரங்களையோ ஆராய்ந்து அறிக்கை தர ஒருவரை நீதிமன்றம் ரெஃபரியாக அமர்த்தலாம். அவர் ஆராய்வார், எழுதுவார். ஒரு செங்கல்லைக்கூட விற்க மாட்டார். எனவே அண்ணனின் பேச்சைக் கேட்டு மனுவில் ரெஃபரி வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். நம் நாட்டில் கூட்டுச் சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடுபவர் ரிசீவர்தான். சில உத்தரவுகளில் "ரிசீவரும் லிக்விடேட்டரும்" என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள்; லிக்விடேட்டர் என்றால் சொத்தைப் பணமாக்குபவர்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். "மூவருக்கும் சம பங்கு" என்கிறீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீசில் பதிவான பத்திரத்தில் மூவர் பெயரும் ஏறியிருக்கிறதா, அல்லது பத்திரம் இன்னும் அப்பா பெயரிலேயே கிடக்கிறதா? நம்மவர் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சிக்கல் என்பது என் அனுபவம். பெயர் மாறவில்லை என்றால் நீங்கள் வாரிசுகள்தான், உரிமையாளர்கள் அல்லர்; சொத்து இன்னும் இறந்தவரின் எஸ்டேட்டில் இருப்பதாகவே பொருள். அப்போது ரிசீவர் வழக்கே தேவையில்லை. இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் எக்சிக்யூட்டர்தான் (எஸ்டேட்டை நிர்வகிப்பவர்) விற்பார். எந்த முறையில் விற்பது என்று வாரிசுகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால், 1965ஆம் ஆண்டின் எஸ்டேட் நிர்வாகச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி, மாஸ்டர் ஒப்புக்கொள்ளும் முறையில் அவர் விற்க வேண்டும். வழக்குச் செலவு அப்படியே மிஞ்சும்.

பத்திரத்தில் மூவர் பெயரும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். நம் நாட்டு ரோமன்-டச்சு சட்டத்தின் பழைய கொள்கை, விருப்பமில்லாமல் எவரையும் கூட்டு உரிமையில் கட்டிப்போட முடியாது என்பது. எனவே தம்பி "மாட்டேன்" என்று சொல்வதால் மட்டும் வழக்கு நின்றுவிடாது. ஆனால் எப்படிப் பிரிப்பது என்பதில் நீதிமன்றத்துக்கு விரிந்த அதிகாரம் உண்டு. 1978இல் ராப்சன் எதிர் தெரோன் என்ற வழக்கில் புளூம்ஃபொண்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது: சொத்தைத் துண்டாக்க முடியாதபோது, அல்லது துண்டாக்கினால் மதிப்புக் கெடும்போது, அதை ஒரு பங்காளிக்கே கொடுத்து மற்றவர்களுக்குப் பணம் தரச் சொல்லலாம், பங்காளிகளுக்குள்ளேயே ஏலம் விடலாம், பொது ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம். ஆக, தம்பியால் தடுக்க முடியாதே தவிர, "நானே மற்ற இரண்டு பங்கையும் வாங்கிக்கொள்கிறேன்" என்று அவர் கேட்க முடியும். வங்கிக் கடன் கிடைக்கும் என்று காட்டினால் நீதிபதி அதைக் காது கொடுத்துக் கேட்பார். விளக்கேற்றிய வீடு என்ற உணர்வு உண்மையானால் அவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி அதுதான். அந்த வாய்ப்பை நீங்களே முதலில் கொடுப்பது நல்லது.

நல்லது என்பதற்குக் காரணம் தருமம் மட்டுமல்ல. பேசிப் பார்த்தும் உடன்பாடு ஏற்படவில்லை என்பதை மனுதாரர் காட்டியாக வேண்டும். தம்பிக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: வீட்டின் மதிப்பு இன்னது, நீ வாங்கிக்கொள்ள இத்தனை நாள் அவகாசம், இல்லையேல் தரகர் மூலம் விற்கலாம். வாட்ஸாப்பில் வந்த "மாட்டேன்" என்ற பதிலும் சாட்சிதான், அழிக்காதீர்கள். உயர் நீதிமன்ற விதி 41ஏ-யின்படி, 2020 மார்ச் 9 முதல், சமரசப் பேச்சுக்கு நீங்கள் இசைகிறீர்களா இல்லையா என்ற அறிவிப்பையும் மனுவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அண்ணன் உங்கள் பக்கம் என்பதால் அவரும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தரட்டும். அமெரிக்க நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசு தரும் சான்று) வாங்கலாம், அல்லது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள நம் தூதரகத்தில் கையெழுத்திடலாம். எதிர்ப்பதாகத் தம்பி அறிவித்தால், அதிலிருந்து 15 நீதிமன்ற நாட்களுக்குள் அவர் பதில் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் மறுமொழிக்கு 10 நாள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கூட்டுச் சொத்தை விற்கும் ரிசீவருக்கு என்னென்ன அதிகாரம் என்று பட்டியல் போட்ட சட்டம் எதுவும் இங்கே இல்லை. உத்தரவில் எழுதியிருப்பதே அவருடைய அதிகாரம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கையில் ஒரே வரி உத்தரவு இருந்தது: "சொத்தை விற்க ரிசீவர் நியமிக்கப்படுகிறார்." குடியிருந்தவர் கேட்டைப் பூட்டி நாயையும் அவிழ்த்துவிட்டார்; வீடு பார்க்க வந்த தரகர் திரும்பிப் போனார். உள்ளே போக உத்தரவு இல்லை, மறுப்பவருக்குப் பதிலாகக் கையெழுத்திட உத்தரவு இல்லை. ரிசீவர் மறுபடியும் கோர்ட் ஏற, எட்டு மாதம் போயிற்று.

அதனால் உங்கள் வக்கீல் தயாரிக்கும் உத்தரவு வரைவை வாங்கி நீங்களே ஒருமுறை படியுங்கள். ரிசீவர் யார் என்பதும், இரு தரப்பும் ஒருவரை ஒப்புக்கொள்ளாவிட்டால் யார் நியமிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். முதலில் தரகர் மூலம் இத்தனை மாதம் முயல்வது, முடியாவிட்டால் ஏலம். இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது. வீட்டைப் பார்வையிட அனுமதி. தம்பி கையெழுத்திட மறுத்தால் ரிசீவரோ, கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றும் ஷெரிஃபோ அவருக்காகக் கையெழுத்திடலாம். ரிசீவரின் கட்டணம் எவ்வளவு, எதிலிருந்து. கணக்கை எத்தனை நாளில் தருவது. குறைந்தபட்ச விலையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மழை பெய்யும் ஒரு வியாழக்கிழமை, ஏலத்துக்கு நாலு பேர் மட்டும் வந்தால் என்ன விலை போகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கணக்கு எப்படி வரும் என்பதை உங்கள் எண்களை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். வீடு 15,00,000 ராண்டுக்குப் போவதாக வைப்போம். தரகர் கமிஷன் 5 சதவீதம், அதன் மேல் 15 சதவீத வாட் வரி சேர்த்து 86,250. மாநகராட்சிக்கு ரேட்ஸ் (சொத்து வரி) பாக்கி 63,750 என்று கொள்வோம். அதைக் கட்டி கிளியரன்ஸ் சான்று வாங்காமல் பத்திரம் மாறாது. ரிசீவர் கட்டணம் 30,000. மிச்சம் 13,20,000. தம்பி வாங்கிய வாடகை 36 மாதத்துக்கு 1,26,000. வெளியாரிடமிருந்து வந்த வருமானம் மூவருக்கும் பொது என்பதால் அதைக் கூட்ட வேண்டும். வீட்டைக் காக்க நீங்கள் செய்த அவசியச் செலவு 90,000 என்பதால் அதை முதலில் கழிக்க வேண்டும். 13,56,000 வருகிறது, ஒரு பங்கு 4,52,000. அண்ணனுக்கு அந்தத் தொகை அப்படியே. உங்களுக்குக் கூரைப் பணத்தோடு 5,42,000. தம்பிக்கு ஏற்கெனவே வாங்கிய வாடகை போக 3,26,000. அவர் எரித்த மின்சாரத்துக்கும் புழங்கிய தண்ணீருக்கும் பாக்கி இருந்தால் அது அவர் பங்கிலிருந்து போக வேண்டியது.

இரண்டு எச்சரிக்கை. சாதாரணக் கடன்களுக்குக் கால வரம்பு மூன்று ஆண்டு. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய வாடகையில் ஒரு மாதம் கைவிட்டுப் போகலாம். அடுத்தது, தம்பி தாமே குடியிருந்ததற்கும் வாடகை கேட்கலாமா என்பது. அது தானாக வருவதல்ல. உங்களை உள்ளே விடாமல் தடுத்தாரா, அவர் இருக்கட்டும் என்று நீங்களே விட்டீர்களா என்பதைப் பொறுத்தது. கூரை ரசீது, வாடகைத் தொகை போன்றவற்றில் பெரிய தகராறு எழுந்தால் விற்பனையை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். விற்ற பணம் டிரஸ்ட் கணக்கில் பத்திரமாக இருக்கட்டும், கணக்கை மட்டும் தனியே ஆராயலாம். நான் முன்னே சொன்ன 38ஆம் பிரிவு ரெஃபரி அங்கேதான் பயன்படுவார்.

விற்ற பிறகும் தம்பி வெளியேறாவிட்டால், சட்டவிரோதமாக வெளியேற்றுவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் பி.ஐ.இ. சட்டப்படி தனி உத்தரவு வாங்கித்தான் அவரை வெளியேற்ற முடியும். மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது எல்லாம் உங்களையே குற்றவாளியாக்கும்.

கேள்வி: ஃபீனிக்ஸில் எனக்கும் சித்தப்பா மகனுக்கும் பொதுவாக ஒரு வீடு. அவர் ஆஸ்திரேலியா போய்ப் பல வருடம் ஆகிறது, முகவரி தெரியாது. அவர் இல்லாமல் விற்க முடியுமா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: முடியும். ஆனால் அவருக்குத் தெரிவிக்காமல் முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்கு வழக்கு ஆவணம் சேர்ப்பிக்க முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். எப்படிச் சேர்ப்பிப்பது என்பதை நீதிபதி சொல்வார். பத்திரிகை விளம்பரம், மின்னஞ்சல் என்று வழிகள் உண்டு. 2012இல் நம் டர்பன் நீதிமன்றமே ஒரு வணிக வழக்கில் ஃபேஸ்புக் செய்தி வழியாக அறிவிப்பு அனுப்ப அனுமதித்திருக்கிறது. அவருடைய கூடப்பிறந்தவர்களிடம் விசாரித்தீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும். விசாரித்த தேதியையும் கிடைத்த பதிலையும் குறித்து வையுங்கள். கடைசிவரை ஆள் அகப்படாவிட்டால் அவர் பங்கைப் பத்திரமாக எங்கே செலுத்துவது என்பதையும் உத்தரவிலேயே கேளுங்கள்; உரியவர் வந்து கேட்கும் வரை பணத்தைக் காத்து வைக்கும், மாஸ்டர் பொறுப்பில் உள்ள கார்டியன்ஸ் ஃபண்ட் இதற்கும் பயன்படுகிறது.

கேள்வி: ஸ்டாங்கர் பக்கம் தாத்தா காலத்துக் கரும்புத் தோட்டம், நாங்கள் ஐந்து பேர். விற்க வேண்டாம், ஆளுக்கு ஒரு துண்டாக வெட்டிக் கொடுக்க கோர்ட்டைக் கேட்கலாமா?
— ஒரு வாசகர், ஸ்டாங்கர்

பதில்: விவசாய நிலம் என்றால் 1970ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டம் குறுக்கே நிற்கிறது, அமைச்சரின் அனுமதியில்லாமல் துண்டாக்க முடியாது. ஏற்கெனவே இல்லாத ஒரு பிரிக்கப்படாத பங்கைப் புதிதாக உருவாக்கி ஒருவருக்குக் கொடுப்பதற்கும் அதே தடை உண்டு. உங்களில் ஒருவர் மற்ற நால்வரின் பங்கையும் வாங்கிக்கொள்வதோ, முழுத் தோட்டத்தையும் விற்பதோதான் நடைமுறையில் மிஞ்சும் வழி. அப்படி விற்கும்போது நிற்கும் கரும்பு யாருடையது, அறுவடை முடியும் வரை யார் பார்த்துக்கொள்வது என்பதை ரிசீவர் உத்தரவில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பொதுச் சொத்து ஏலத்துக்கு வரும்போது பங்காளியான நானே ஏலம் கேட்கலாமா?
— ஒரு வாசகி, மெரிபேங்க்

பதில்: கேட்கலாம், ஆனால் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, உரிமையாளர் ஏலம் கேட்கும் உரிமையோடு நடக்கும் ஏலம் என்பதை முன்பே தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் உரிமையாளர் ஏலம் கேட்கக் கூடாது. நீங்களும் உரிமையாளர்தானே. ஏல அறிவிப்பு வெளியாகும் முன் ரிசீவருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஏலம் படிந்தால், உங்கள் பங்குக்கு வர வேண்டிய பணத்தை விலையிலேயே கழித்துக்கொள்ள முடியுமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் முழு விலைக்கும் வங்கி உத்தரவாதம் கொண்டுவரச் சொல்வார்கள்.