பேத்தி சேரப்போகும் சின்னப் பள்ளி

கேள்வி: டீச்சர், என் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறாள். பேத்தி எட்டாவது முடிக்கப்போகிறாள். ‘ஏர்லி காலேஜ் ஹைஸ்கூல்’ என்று ஓர் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறதாம். மொத்தமே 200 பிள்ளைகள். தேர்ச்சி ‘95-க்கு மேல்’ என்று மகள் அனுப்பிய தாளில் போட்டிருக்கிறது. அதே தாளில், பாதிப் பிள்ளைகள் இலவசச் சாப்பாடு வாங்குகிறவர்கள், ஆசியப் பிள்ளைகள் ஏழே பேர் என்றும் இருக்கிறது. மாப்பிள்ளை தயங்குகிறார். சேர்க்கலாமா?
ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு நாளாக மேசையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 31 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். சதவீதத்தைக் கண்டால், ‘எத்தனை பேரில்?’ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

இது என்ன பள்ளி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி அழகப்பா வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1947-ல் வள்ளல் அழகப்பர் கல்லூரி தொடங்கிய இடம். இன்றைக்கு அங்கே பள்ளிக்கூடமும் இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளை கல்லூரி வாசலைத் தாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும். உள்ளே போய் வகுப்பில் உட்கார முடியாது. உங்கள் பேத்தியின் பள்ளியில் உட்காரலாம். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வகைப் பள்ளி பெரும்பாலும் ஒரு சமுதாயக் கல்லூரிக்கு (இரண்டு வருடப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி) உள்ளேயே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை பள்ளிப் பாடத்தோடு கல்லூரிப் பாடமும் படித்து, நாலைந்து வருடத்தில் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு வருடக் கல்லூரிப் பட்டத்தையும் வாங்கலாம். கல்லூரிப் பாடத்துக்கும் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

200 பேர்தான் என்பதால் ஆள் சேராத பள்ளி என்று நினைக்க வேண்டாம். சின்னதாக இருக்க வேண்டும் என்றே வைத்தது. 1974-ல் நியூயார்க்கில் லகார்டியா சமுதாயக் கல்லூரிக்குள் இப்படி ஒரு பள்ளி தொடங்கினார்கள், பாதியில் படிப்பை விட்டுவிடக்கூடிய பிள்ளைகளுக்காக. 2002-ல் கேட்ஸ் அறக்கட்டளையின் பணம் வந்த பிறகு நாடு முழுக்கப் பரவியது. வட கரோலினா 2003-ல் இதற்கென்றே சட்டம் போட்டது. அங்கே வகுப்புக்கு 100 பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை.

யாருக்காகத் தொடங்கினார்கள்? குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்காக. கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக. ஆகவே பாதிப் பேர் இலவசச் சாப்பாடு என்றால், பள்ளி யாருக்காக வந்ததோ அவர்களைத்தான் சேர்த்திருக்கிறது. நம் சத்துணவு மாதிரி கேட்கிற பிள்ளைக்கெல்லாம் கிடைப்பதில்லை அது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 185 சதவீதத்துக்குள் இருந்தால்தான் இலவசமாகவோ சலுகை விலையிலோ தருவார்கள். வட்டாரமே ஏழையாக இருந்தால் பள்ளி முழுக்கக் கொடுப்பதும் உண்டு. அந்த எண் வீட்டு வருமானத்தைச் சொல்லும். பிள்ளையின் படிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவு வரிசையில் நின்ற கொத்தனார் மகள்தான் என் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இனி அந்த ‘95-க்கு மேல்’. சரியான எண்ணைப் போடாமல் மறைக்கிறார்களோ என்று மகள் சந்தேகப்பட வேண்டாம். பிள்ளைகள் குறைவாக இருக்கும்போது எண்ணைத் துல்லியமாகப் போட்டால், தோற்றது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் இப்படிப் போடுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் 40 பேர் தேர்வு எழுதும் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 2.5 சதவீதம். இரண்டு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் 5 சதவீதம் இறங்கிவிடும். ஒரு வருடத் தாளை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். மூன்று நான்கு வருடத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அந்த மாநிலத்தில் பள்ளிக்கு ஏ, பி என்று தரம் போடுகிறார்கள். அதில் 80 சதவீதம் மதிப்பெண்ணுக்கு, 20 சதவீதம்தான் வளர்ச்சிக்கு, அதாவது பிள்ளை முன்பைவிடப் படிப்பில் எவ்வளவு முன்னேறியது என்பதற்கு. என்னைக் கேட்டால், அந்த வளர்ச்சிக் கட்டத்தை முதலில் பாருங்கள்.

இன்னொன்று. இங்கே விண்ணப்பம் போட்டு, விரும்பித்தான் சேர்கிறார்கள். ஆர்வமுள்ள பிள்ளை வந்தால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? பள்ளியின் உழைப்பு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2013-ல் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல வழி கண்டது. இந்த மாதிரிப் பள்ளிகள் பத்தில், குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் விண்ணப்பித்த பிள்ளைகள்தான். இடம் கிடைத்தவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 86 சதவீதம், மற்றப் பக்கம் 81. கல்லூரியில் சேர்ந்தவர்கள் 80, மற்றப் பக்கம் 71. ஆய்வுக் காலத்துக்குள் கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் 22, மற்றப் பக்கம் வெறும் 2. நான் நம்புகிற கணக்கு இது.

ஏன் இவ்வளவு தூரம் போகிறேன் என்றால், தேர்ச்சி எண்ணிக்கை எப்படி உருவாகும் என்பதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதற்கு நான்கு மாதம் முன்னால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனைக் கூப்பிட்டு, தனித்தேர்வராக எழுதிக்கொள் என்று டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். என் கணக்கு நோட்டுகளை ஸ்டாஃப் ரூமிலிருந்து தூக்கிவருகிறவன் அவன்தான். அன்றைக்கும் கொண்டுவந்து மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, “வர்றேன் டீச்சர்” என்றான். அந்த ஃபிளெக்ஸில் அவன் இல்லை. அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசவில்லை. இன்றும் அது என் தப்பு என்றே நினைக்கிறேன்.

அதனால் மகளை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஒன்பதாவதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசி வருடத்தில் எத்தனை பேர் மிச்சம்? போனவர்கள் வீடு மாறிப் போனார்களா, தாங்க முடியாமல் போனார்களா? அதற்கு நேராகப் பதில் சொல்கிற பள்ளி நல்ல பள்ளி.

அப்புறம் பேத்தியையும் கேளுங்கள். இந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் சொந்தமாக விளையாட்டு அணி இருக்காது. கல்லூரிப் பாடத்தில் வாங்கும் மதிப்பெண் நிரந்தரப் பதிவு. பதினைந்து வயதில் சறுக்கினால் அதுவும் கூடவே வரும். அங்கே படித்ததை அந்த மாநில அரசுப் பல்கலைகள் ஏற்க ஒப்பந்தம் இருக்கிறது. தனியார், வெளிமாநிலக் கல்லூரி என்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் பிள்ளை ஆசைப்பட்டால், தயங்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டீச்சர், பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் படிப்பு என்று நம் ஊரில் ஏதாவது உண்டா? மகன் பத்தாவது.
ஒரு தகப்பன், கானாடுகாத்தான்

பதில்: அதே மாதிரி இல்லை தம்பி. கிட்டத்தில் வருவது பாலிடெக்னிக். பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ, அதன் பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் வருடம். மெஷினைப் பிரித்துப் பார்க்கிற பையன் என்றால் நல்ல வழி. காரைக்குடியிலேயே இருக்கிறது, ஒரு நாள் அவனையும் கூட்டிக்கொண்டு போய் பட்டறையைக் காட்டுங்கள்.